காத்துதானே, மேடம்

மெட்ராஸ்காரர்களுக்குக் காற்று என்பது சாயங்காலம் கடற்கரைக்குப் போய் வாங்குகிற பொருள். இல்லாவிட்டால் சைக்கிள் டயரில் அடிக்கிற பொருள். அதை மலை உச்சியில் புட்டியில் பிடித்து, ரயிலேற்றி, அடையாறு வரை கொண்டுவந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தி பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? மயிலாப்பூரில் அவள் குடியிருந்த தெரு நம்பவில்லை. ‘சூடாமணி மாமி ஏதோ வாயு ஆபீஸ்ல இருக்கா’ என்பதோடு விட்டுவிட்டது. சமையல் எரிவாயு கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவர்கள் மட்டும் அவ்வப்போது வந்து, மாமி சொன்னால் சீக்கிரம் கிடைக்குமா என்று விசாரித்துப் போவார்கள்.

விஷயம் இதுதான். நீலகிரியில், பஸ் போகிற கடைசி ஊரையும் தாண்டி, வெறும் புல் மட்டும் வளர்கிற ஓர் உச்சியில், சூடாமணி வேலை பார்த்த ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு சின்ன நிலையம் இருந்தது. ஊர்ப்புகையும் வண்டிப்புகையும் எட்டாத உயரம். அங்கே வெள்ளைச்சாமி என்ற மதுரைப் பக்கத்துக்காரர் வாரம் ஒரு தரம் கண்ணாடிப் புட்டிகளோடு மேட்டில் ஏறுவார். காற்று வருகிற திசையைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, புட்டியைத் திறந்து நிரப்பி மூடுவார். பத்தடி தள்ளி வந்த பிறகுதான் மூச்சு விடுவார். மனிதன் விடுகிற மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றைப்போல நூறு மடங்கு. ஒரு பெருமூச்சு கலந்தால் போதும், புட்டி பாழ்.

அந்தப் புட்டிகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அடையாறு லேபில் சூடாமணி பார்ப்பாள். வருடத்துக்குள் ஏறி இறங்கும். ஆனால் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். படமாகப் போட்டால் மேலே சாய்த்து வைத்த ரம்பம் மாதிரி இருக்கும். ஒரு வருடத்து ரம்பத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பதினேழு வருடம் அறாமல் போனால்தான் அதற்கு மதிப்பு, இருபத்தைந்தானால் இன்னும் மதிப்பு. நாட்டில் இப்படி விட்டுப்போகாத கோடு வேறு இல்லை என்பது சூடாமணிக்குத் தெரியும். அதற்காகத்தான் மகன் சுஹாஸின் பூணூல் அன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, மடிசாரோடு ஆட்டோ பிடித்து லேபுக்குப் போனாள். அன்றைக்கு வந்த புட்டிகளில் ஒன்று கசிந்தது. சம்பந்தி வீடு என்று ஒன்று பின்னால் வந்தால் இந்தக் கதையைச் சொல்லியே மானத்தை வாங்குவேன் என்று அவள் கணவர் சுவாமிநாதன் அப்போது சொன்னார். பிள்ளை அமெரிக்காவுக்குப் போய்விட்டான். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷினை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. தராசு எத்தனை நல்லதாக இருந்தாலும் படிக்கல் சரியாக இருந்தால்தான் எடை சரி. சூடாமணியின் படிக்கல் ஒரு சிலிண்டர். எழுபத்தொன்பதில் அதே உச்சியில் பிடித்த காற்றை ஈரம் போக்கி, அழுத்தி அடைத்து, இன்ன அளவு என்று நிச்சயம் பண்ணி வைத்தது. அன்றாடத்துக்குச் சின்னச் சிலிண்டர்கள் உண்டு. அவை நாளாவட்டத்தில் கொஞ்சம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அப்போது பெரிய சிலிண்டரைத் திறந்து, ஒரு வாய் காற்று எடுத்து, ஒப்பிட்டுத் திருத்துவார்கள். லேப் உதவியாளன் அன்வர் பாஷா அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தான். அளவில் ஏதாவது இடித்தால், “பெரியம்மாவ ஒரு வார்த்த கேட்டுடலாம் மேடம்” என்பான்.

பெரியம்மாவின் கழுத்தில் ஒரு சீட்டு. ‘ஏர், 1979’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். தொடாதே என்று சிவப்பில் எழுதலாம் என்று பாஷா ஒரு தரம் சொன்னான்.

“தொடாதேன்னு போட்டா எல்லாரும் தொட்டுப் பாப்பா, பாஷா. வெறும் காத்துன்னு இருக்கட்டும். ஒருத்தரும் சீண்ட மாட்டா.”

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் கழகத்துக்கு வெள்ளி விழா வந்தது. டெல்லியிலிருந்து ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடு. இயக்குநர் ஜம்புநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மலை நிலையத்துக் கோடுதான் விழாவுக்கே மூலவர். அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் மாட்ட வேண்டும், விழா மலர் போட வேண்டும், ஸ்லைடு போட வேண்டும். மூன்று மாதம் சூடாமணியை அந்த வேலையில் போட்டு அரைத்தார். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று புதுச் சிலிண்டர் ஒன்று கப்பலில் வந்து இறங்கியிருந்தது. பாஷா அதற்கு உடனே சித்தி என்று பெயர் வைத்துவிட்டான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சில வாரம் பொறுமையாக ஒப்பிட்டு, சித்திக்கு அளவு சொல்லிக்கொடுத்துவிட்டால் பெரியம்மா ஓய்வெடுக்கலாம். “விழா முடியட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்” என்றார் ஜம்புநாதன். சூடாமணியும் சரி என்றாள். பதினேழு வருடம் இருந்தவள் ஒரு மாதம் இருக்கமாட்டாளா?

விழாவில் பேசப் போவது ஜம்புநாதன். கோடு போட்டவளுக்கு என்ன வேலை என்றால், பூச்செண்டு கொடுப்பது. பெண் விஞ்ஞானிகள் எல்லாரும் பட்டுப்புடவையில் வரவேண்டும் என்று சுற்றறிக்கையே வந்தது. இருக்கிற புடவையே போதும் என்றாள் சூடாமணி. சுவாமிநாதன் விடவில்லை. “மந்திரிக்குப் பூ குடுக்கறச்சே மாம்பழக் கலர் இத்துப்போனதையா கட்டிண்டு நிப்பே? நாளைக்கு தி.நகர் போறோம்” என்றார். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பனகல் பார்க் பக்கம் ஒரு கடையில் புடவை மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். லேபைப் பெருக்கித் துடைக்க வேண்டும் என்று நிர்வாக அதிகாரி தாமோதரம் காலையில் சாவி கேட்டிருந்தார். பாஷா தங்கை கல்யாணத்துக்காக ஆம்பூர் போயிருந்தான். அந்தச் சாவியை அவள் அதுவரை பாஷாவைத் தவிர யாரிடமும் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தாள்.

விழா ஜாம்ஜாமென்று நடந்தது. வாசலில் பலூனாலேயே வளைவு. மேடை ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன் கொத்துகள். ஜம்புநாதன் கோட்டைக் காட்டி, ‘எங்கள் கழகத்தின் முதுகெலும்பு’ என்றார். மந்திரி கைதட்டினார். சூடாமணி அரக்குப் பட்டில் பூச்செண்டு கொடுத்தாள். முடிந்ததும் ஊழியர் வீட்டுக் குழந்தைகள் பலூனுக்கு அடித்துக்கொள்ள, அவளே கொத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, “ஒருத்தருக்கு ஒண்ணுதான், தள்ளாதீங்கோ” என்று விநியோகம் பண்ணினாள். டைப்பிஸ்ட் ஹம்சினியின் குழந்தை அவள் எதிரிலேயே ஒன்றை உடைத்துவிட்டு அழுதது. இன்னொன்று கொடுத்துச் சமாதானப்படுத்தினாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள் அன்றைக்கு.

திங்கட்கிழமை பாஷா ஆம்பூரிலிருந்து திரும்பி வந்து சித்தியையும் பெரியம்மாவையும் இணைக்கக் குழாய் எடுத்தான். பெரியம்மா இருந்த இடத்தில் இல்லை. மூலையில் துடைப்பத்தோடு சாத்தியிருந்தது. வாயில் ஒரு சிவப்பு ரப்பர் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை மாட்டித் திறந்தான். முள் அசையவில்லை.

“மேடம், இங்க வாங்களேன்” என்றான். குரலே சரியில்லை. சூடாமணி வந்து பார்த்தாள். மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னாள். தட்டிப் பார்த்தாள். பிறகு அந்த ரப்பர் துணுக்கைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாமோதரம் மறைக்கவே இல்லை. அவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?

“போலீஸ்காரங்க வந்து கேஸ் பலூனே கூடாதுன்னுட்டாங்க மேடம். ஊதினா வெறும் காத்துதான் ஊதணும், மந்திரி பாதுகாப்புன்னு. பலூன்காரன் பம்ப் வெச்சு அடிச்சா விடிஞ்சிடும்கிறான். உங்க ரூம்ல பாத்தா ஏர்னு எழுதி ஒரு சிலிண்டர் தூசியடைஞ்சு நிக்குது. எடுத்துக்கடான்னேன். இன்னா இப்போ? காத்துதானே மேடம்? கிண்டில ரொப்பிக் குடுக்கறாங்க. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கித் தர்றேன்.”

மனசாரச் சொன்னார். இரண்டு சிலிண்டர் என்பது அவர் வரையில் பெரிய தாராளம். சூடாமணி அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டுமென்றால், எழுபத்தொன்பதாம் வருடத்துக் காற்றைக் கிண்டியில் ரொப்ப முடியாது என்பதிலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டும். அந்தத் தெம்பு அவளுக்கு அப்போது இல்லை. மந்திரி தலைக்கு மேல் தோரணமாகத் தொங்கியதும், குழந்தைகள் கையில் அவளே எண்ணி எண்ணிக் கொடுத்ததும் எது என்ற நினைப்பிலேயே நின்றாள்.

இயக்குநர் ஜம்புநாதன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

“ச்சொ, பாவம். தாமோதரம் இப்படிப் பண்ணியிருக்கப்படாது. சரி, புதுச் சிலிண்டர் ஒண்ணு வந்துதே?”

“வந்துது சார். ஆனா அதையும் பழசையும் சேத்து வெச்சுப் பாக்கல. விழா முடியட்டும்னு சொன்னேள்.”

அந்த வாக்கியம் அவர் காதில் விழவில்லை. “அதுல வெளிநாட்டுக்காராளே அளவு போட்டிருப்பாளே.”

“அது அவா படிக்கல் சார். நம்ம படிக்கல்லுக்கும் அதுக்கும் எத்தனை வித்தியாசம்னு இனிமே தெரியாது. அந்தச் சந்தேகம் ஒண்ணே ரெண்டு வருஷத்து ஏத்தத்தை முழுங்கிடும். பழசு தனிக் கோடு, புதுசு தனிக் கோடு. ஒட்ட முடியாது.”

“பதினேழு வருஷமா பாக்கறேள். அடுத்த புள்ளி எங்க விழும்னு உங்களுக்குத் தெரியாதா? புதுச் சிலிண்டருக்கு நீங்களே ஒரு நம்பர் போடுங்கோ. கோடு போற போக்குல போகட்டும்.”

“கோடு எங்க போறதுன்னு பாக்கத்தான் சார் அளக்கறோம். போற இடத்தை நானே சொல்லிட்டா, அளக்கறது எதுக்கு?”

ஜம்புநாதன் டபராவைத் தள்ளி வைத்தார். “மார்ச்சுல டெல்லிக்கு ஃபைல் போறது. அறாத கோடுன்னுதான் அவன் நிதி தரான். அறுந்த கோட்டுக்கு எவன் தருவான்? மலைல வெள்ளைச்சாமி டெம்பரரி. உங்க பாஷாவும் இத்தனை வருஷமா டெம்பரரி. அதையும் யோசிச்சுக்கோங்கோ.”

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லு என்று சொல்பவனை எதிர்த்து நிற்கலாம். நீ உண்மை சொன்னால் இன்னொருவன் வீட்டில் உலை வேகாது என்று சொல்பவனை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுவாமிநாதன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கதையை முழுக்கக் கேட்டார்.

“ஒரு நம்பர்தானேடி. பேங்க்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு வெச்சிருப்போம். கணக்கு இடிச்சா அதுல தள்ளிட்டு ஆத்துக்கு வந்துண்டே இருப்போம். காத்துக்குப் போயா இவ்வளவு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது?”

சூடாமணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எல்லார் மேலும் வந்தது. சாவி கொடுத்த தன் கை மேலும், அலமாரியில் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டின் மேலும் வந்தது. எல்லாவற்றையும்விட எரிச்சலானது வேறொன்று. அந்த எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. பேப்பர் பேனா எடுக்கவில்லை, கணக்குப் போடவில்லை. பீன்ஸ் நறுக்கும்போதே தானாக வந்து மனதில் உட்கார்ந்துகொண்டது. அதைப் போட்டால் கோடு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ஓடும். உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. சுவாமிநாதனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அந்த வாரமே வெள்ளைச்சாமி மலைக்குக் கீழே ஊரிலிருந்து எஸ்.டி.டி. போட்டார்.

“அம்மா, வெள்ளைச்சாமி பேசுறேன். இந்த வாரப் புட்டிய ரயில்ல ஏத்திவிடவா? இனிமே அனுப்ப வேணாம்னு ஆபீஸ் பக்கம் பேச்சு அடிபடுதாம்ல.”

“அனுப்புங்க.”

“பிடிக்கிறதுல ஏதும் தப்பாம்மா? மூச்ச அடக்கித்தாம்மா பிடிக்கிறேன்.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லை. அனுப்புங்க.” போனை வைத்தாள். அந்த மனுஷர் பதினேழு வருடமாக அடக்கின மூச்சுக்கு என்ன பதில் சொல்வது?

இருந்தாலும் எழுதினாள். ஒரே பக்கம். இந்த பிப்ரவரியோடு தொடர் முறிகிறது. இதற்கு அப்புறம் வரும் அளவுகளை முந்தியவற்றோடு சேர்க்கக்கூடாது. காரணம், ஆதாரச் சிலிண்டரில் இருந்த காற்று விழாவில் பலூன் ஊதப் பயன்பட்டது. பலூன் என்ற வார்த்தை வேண்டாமே, ‘எதிர்பாராத இழப்பு’ என்று போடலாமே என்று தாமோதரம் வந்து கெஞ்சினார். சூடாமணி பலூன் என்றே விட்டாள். அறிக்கையை நேரே டெல்லிக்கு அனுப்பியிருக்கலாம். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று இயக்குநர் வழியாக அனுப்பினாள். முறை பார்த்தவள் கெட்டாள். அந்தக் காகிதம் ஜம்புநாதனின் மேஜை இழுப்பறையைத் தாண்டிப் போகவில்லை.

அடுத்த மாதம் அவளை நூலகக் குழுவுக்கு ஆலோசகராகப் போட்டார்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே, சிரமம் இல்லாத வேலையாக இருக்கட்டும் என்று ஜம்புநாதன் அக்கறையாகச் சொன்னார். பதவியின் பெயர் பெரிது, மின்விசிறி புதிது, வேலை ஒன்றும் கிடையாது. லேப் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம், வாசல் கூடத்தில் கோடு மறுபடி மாட்டப்பட்டது. கண்ணாடி போட்ட புதுச் சட்டம். சூடாமணி குடையை மடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள். தொண்ணூற்றாறு பிப்ரவரி எங்கே என்று தேடினாள். பதினேழு வருடம் அந்தக் கோட்டோடு குடித்தனம் நடத்தினவளுக்கே அந்த இடம் உடனே அகப்படவில்லை. ரம்பம் பல் பிசகாமல் ஏறிக்கொண்டிருந்தது. அறாத கோடு என்று கீழே பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். நிதி வந்துவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள்.

யார் போட்டிருப்பார்கள் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாஷா மயிலாப்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. உள்ளே வா என்று கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றான். வெள்ளைச்சாமிக்கும் ஆகிவிட்டதாம். சுவாமிநாதன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிகிரி காபி வந்தது. பாஷா அதை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மேடம்” என்றான் கடைசியில். “நம்பர் நான்தான் போட்டேன். டைரக்டர் கூப்ட்டு வெச்சுக் கேட்டாரு. உனக்குத்தான் அந்தம்மா கத்துக் குடுத்துகீறாங்களே, நீ போடுன்னாரு. வீட்ல ரெண்டு பொண்ணு கீது மேடம். மேல வெள்ளைச்சாமி வேற. நான் இன்னா பண்ண?”

திட்டுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டத்தான் வாய் வந்தது. எடுத்த எடுப்பில் அவள் கேட்டது வேறு.

“என்ன நம்பர் போட்டே?”

“முந்நூத்தி அறுவத்திரண்டு புள்ளி நாலு.”

எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் அதே எண்தான். அதே புள்ளி, அதே நாலு. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாஷா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தப்பா மேடம்?”

“தெரியாது, பாஷா” என்றாள். “சரியாவே இருந்தாலும் இருக்கும். கேட்டுச் சொல்லத்தான் பெரியம்மா இல்லையே.”